துருப்பிடிக்காது என்றால் தேயாது என்று பொருளா?



இவ்வாரம் வலிமிகும் இடங்களும் இல்லை. கட்டுரைப் போட்டி அறிவிப்பும் இல்லை. டைட்டானியம் என்னும் உலோகத்தைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் டைட்டானியத்திற்கும் என்ன உறவு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த உறவு என் அம்மாவின் வலது முழங்காலில் இருக்கிறது.

இன்று புத்ராஜெயா எழுந்து நிற்கும் நிலத்தில் முன்பு இருந்த தோட்டங்களுள் ஒன்றில்தான் அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து, இரு கைகளிலும் பால்வாளியைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்கிய கால்கள் அவை. தோட்டத்தை விட்டு வெளியேறி டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குக் குடிவந்தபோது முழங்கால் ஏற்கெனவே பாதி போயிருந்தது. மீதியைப் படிக்கட்டுகள் பார்த்துக்கொண்டன. இக்கதை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. இப்பகுதித் தமிழ்க் குடும்பங்களில் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் முதலில் வருவது முழங்கால் பேச்சுத்தான்.

பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தனியார் மருத்துவமனை ஒன்றில் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை நடந்தது. அண்ணனும் நானும் சேமிப்பைத் துடைத்துப் பணம் கட்டினோம். "டைட்டானியம் மூட்டு, ஆயுசுக்கும் துருப்பிடிக்காது" என்று அங்கே சொன்னார்கள். அம்மாவுக்கு அந்தச் சொல் பிடித்துப் போயிற்று. வருவோர் போவோரிடமெல்லாம், "ராக்கெட்டுல போடுற சாமானாம், என் காலுக்குள்ள வெச்சிருக்காங்க" என்று பெருமையாகச் சொல்வார். பத்து ஆண்டுகள் நன்றாகவே நடந்தார். பிறகு முழங்கால் வீங்கத் தொடங்கியது. படியில் இறங்கும்போது கால் விலகுவது போல் இருக்கிறது என்றார். "துருப்பிடிக்காத சாமானுக்கு என்ன வந்துடப் போவுது" என்று நானே ஓராண்டு கடத்திவிட்டேன். படித்தவன், அதிலும் படிநிலை இரண்டு மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறவன், இப்படி நினைத்தேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

கடைசியில் வேறொரு மருத்துவமனையில் காட்டினோம். ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த எலும்பு மருத்துவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "எந்த நிறுவனத்து மூட்டு? என்ன அளவு? அட்டை இருக்கிறதா?" எங்களிடம் அட்டை இல்லை. முதல் மருத்துவமனை கைமாறிவிட்டிருந்தது; பழைய கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அட்டையை அவர்கள் கொடுக்கவே இல்லையா, கொடுத்து நாங்கள்தாம் தொலைத்தோமா என்பது இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு. மூட்டின் அடையாளம் தெரிந்திருந்தால், நடுவில் இருக்கும் தேய்ந்த துண்டை மட்டும் மாற்றிப் பார்த்திருக்கலாம் என்றார் மருத்துவர். தெரியாததால் முழு மூட்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டியதாயிற்று. எழுபத்து மூன்று வயதில் இரண்டாம் முறை எலும்பைச் சீவும் அறுவை. அம்மா அந்த நான்கு மாதங்களில் மெலிந்து பாதியாகிப் போனார்.

எடுத்த பாகங்களை மருத்துவர் எனக்குக் காட்டினார். தொடை எலும்பின் முனையில் கவிந்திருந்த பளபளப்பான உலோகம் ஒன்று. கால் எலும்பின் மேல் பதிந்திருந்த சாம்பல் நிறத் தட்டு ஒன்று. இரண்டுக்கும் நடுவே மஞ்சளேறிய நெகிழித் துண்டு ஒன்று. "சார், டைட்டானியம் இந்தக் கீழ்த் தட்டு மட்டுந்தான். மேலே இருப்பது கோபால்ட் குரோமியம். நடுவில் பாலிஎதிலீன். தேய்ந்தது நடுத்துண்டு" என்றார். நெகிழியில் நகத்தால் சுரண்டி எடுத்தது போன்ற குழிகள். டைட்டானியத் தட்டோ நேற்று வாங்கியது போல் இருந்தது.

அப்படியானால் பதின்மூன்று ஆண்டுகளாக நாங்கள் 'டைட்டானியம் மூட்டு' என்று சொல்லிவந்தது அரை உண்மை. டைட்டானியத்தை ஏன் உராயும் இடத்தில் வைக்கவில்லை? அவ்வளவு உயர்ந்த உலோகம் என்றால் முழு மூட்டையும் அதிலேயே செய்திருக்கலாமே? இக்கேள்விகளோடு வீட்டுக்கு வந்தவன் அடுத்த சில மாதங்கள் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் இங்கே ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

தமிழில் இரண்டு அழகான சொற்கள் உள்ளன. ஒன்று அரிமானம், மற்றொன்று தேய்மானம். சுற்றியிருக்கும் நீரும் உப்பும் அமிலமும் உலோகத்தை வேதியியல் முறையில் தின்பது அரிமானம். இரும்பு துருப்பிடிப்பது அதில் ஒரு வகை. ஒன்றோடொன்று உராய்ந்து துகள் துகளாக உதிர்வது தேய்மானம். முன்னது மெல்ல அரிப்பது. பின்னது அம்மிக்கல் தேய்வது. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். எங்கள் வீட்டுப் பிழையும் அங்கேதான் தொடங்கியது. டைட்டானியம் அரிமானத்தை எதிர்ப்பதில் மன்னன். தேய்மானத்தை எதிர்ப்பதில் அது ஒரு நோஞ்சான்.

நம் உடலுக்குள் உலோகத்திற்கு நேரும் பாட்டை முதலில் நினைத்துப் பாருங்கள். 37 பாகை வெப்பம், ஏறத்தாழ 0.9 விழுக்காடு உப்பு, கரைந்த உயிர்வளி, புரதங்கள். கடல்நீரைவிட உப்புக் குறைவுதான்; ஆனால் வெளியே எடுத்துத் துடைத்து எண்ணெய் பூச வழியில்லாத நீர். அறுவை நடந்த இடத்திலோ அழற்சி உள்ள இடத்திலோ அமிலத்தன்மை கூடுகிறது. வெள்ளணுக்கள் அயற்பொருளைக் கண்டால் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கக்குகின்றன. இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஆண்டுக்குப் பத்து இலட்சம் முறைக்குக் குறையாமல் காலடி விழும் சுமையையும் தாங்க வேண்டும். மூட்டுகளைச் சோதிக்கும் ஆய்வகப் பொறிகளில் பத்து இலட்சம் அசைவுகளை ஓராண்டு நடையாகக் கணக்கிடுவது வழக்கம்.

டைட்டானியம் இதில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? உண்மையில் டைட்டானியம் சோம்பேறி உலோகம் அன்று; மிகவும் துடிப்பானது. காற்றையோ நீரையோ கண்ட நொடியிலேயே உயிர்வளியோடு சேர்ந்துவிடும். ஆனால் அவ்வாறு உண்டாகும் டைட்டானியம் டைஆக்சைடு, இரும்பின் துருவைப் போல் பொரிந்து உதிராது. உலோகத்தை ஒட்டி இறுகப் படிந்து, அடுத்த அணுவை எட்டவிடாமல் வாசலை அடைத்துக்கொள்ளும். அந்தப் படலத்தின் தடிப்பு சில நானோமீட்டர்களே. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கீறல் விழுந்தால் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் தானே மூடிக்கொள்ளும். நம் அம்மாக்கள் பால் சுமந்த அலுமினிய வாளி துருப்பிடிக்காமல் இருந்ததும் இதே வகைப் படலத்தால்தான். ஆனால் அலுமினியத்தின் படலம் அமிலத்திற்கும் உப்புக்கும் எளிதில் பணிந்துவிடும். டைட்டானியத்தின் படலம் அப்படிப் பணிவதில்லை.

வீட்டில் நாம் 'எவர்சில்வர்' என்று அழைக்கும் துருவா எஃகைப் பாருங்கள். அதைக் காப்பது குரோமியத்தின் படலம். ஊறுகாயையோ உப்புக் கரைசலையோ அதில் பல நாள் விட்டுவைத்தால் அடியில் ஊசிமுனைக் குழிகள் விழுவதை இல்லத்தரசிகள் அறிவார்கள். உப்பிலுள்ள குளோரைடு அப்படலத்தில் துளைபோடுகிறது. முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் தட்டுகளைத் துருவா எஃகில் செய்வதும், எலும்பு கூடிய பின் பல வேளைகளில் அவற்றைக் கழற்றிவிடுவதும் உண்டு. நெடுங்காலம் உள்ளேயே இருக்க வேண்டிய பொருளுக்கு டைட்டானியமே பொருத்தம். 'எவர்' என்று பெயரிலேயே வாக்குறுதி கொடுத்த எஃகே உப்பிடம் தோற்கிறது. எனவே விற்பனைப் பெயர்களை நம்புவதில் எனக்கு இப்போது தயக்கம் உண்டு.

டைட்டானியத்திற்கு இன்னொரு சிறப்பு, எலும்பு அதை ஏற்றுக்கொள்வது. சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்புக்குள் டைட்டானிய உறை ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தார். ஆய்வு முடிந்து கழற்ற முயன்றபோது எலும்பு அதனோடு ஒட்டி வளர்ந்திருந்தது. கழற்ற முடியாத எரிச்சலிலிருந்து ஒரு மருத்துவத் துறையே பிறந்தது. 1965-இல் முதல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேரைப் பொருத்தினார். இன்று கோலாலம்பூர், கிள்ளான் பல் மருத்துவமனைகளில் விளம்பரப் பலகை வைத்துச் செய்யப்படும் பல் பதிப்பெல்லாம் அம்முயலிலிருந்து வந்தவையே.

எடையும் கருதத்தக்கது. எஃகோடு ஒப்பிட டைட்டானியம் பாதிக்குச் சற்றே மேல். விறைப்பும் எஃகில் ஏறத்தாழப் பாதி: எஃகு 200 கிகாபாஸ்கல் என்றால் டைட்டானியக் கலவை 110. எலும்போ 10 முதல் 30 வரை. இதில் என்ன என்று கேட்கலாம். மிக விறைப்பான உலோகம் பக்கத்தில் இருந்தால் சுமை முழுவதையும் அதுவே ஏற்றுக்கொள்ளும். எலும்புக்கு வேலை இராது. வேலையற்ற எலும்பு மெலியும். எல்லாப் பாடத்தையும் அம்மாவே எழுதிக் கொடுத்தால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ, அதுதான் எலும்புக்கும் ஆகிறது. நியோபியம், சிர்க்கோனியம், டாண்டலம் கலந்து விறைப்பை மேலும் பாதியாகக் குறைத்த புதிய கலவைகளும் ஆய்வில் வந்துள்ளன.

இப்போது மறுபக்கத்திற்கு வருகிறேன். நான் எழுத வந்ததே இதற்குத்தான்.

மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் கலவையில் 6 விழுக்காடு அலுமினியமும் 4 விழுக்காடு வனேடியமும் சேர்ந்துள்ளன. வலிமையானது, ஆனால் அதன் மேற்பரப்பு உராய்வுக்கு ஈடுகொடுப்பதில்லை. டைட்டானியத்தை டைட்டானியத்தோடோ மற்றோர் உலோகத்தோடோ அழுத்தித் தேய்த்தால் இரண்டும் பிடித்துக்கொண்டு பிய்ந்துவரும். ஒவ்வோர் உராய்விலும் மேற்படலம் உரிகிறது. உரிந்த இடம் உடனே புதுப்படலத்தைப் போட்டுக்கொள்கிறது. புதுப்படலம் எதிலிருந்து வருகிறது? உலோகத்தையே தின்றுதான். மீண்டும் உராய்வு, மீண்டும் உரிதல், மீண்டும் தின்னுதல். தனியே அரிமானம் செய்வதையும் தனியே தேய்மானம் செய்வதையும் கூட்டினால் வரும் தொகையைவிட, இரண்டும் கைகோத்து விளைக்கும் இழப்புக் கூடுதலாகவே வரலாம். இதைத் 'தேய்வரிமானம்' என்று நான் வகுப்பில் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மகிழ்வேன்.

இது ஏட்டுப் பயம் அன்று. இடுப்பு மூட்டின் உருண்டையை டைட்டானியக் கலவையிலேயே செய்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. உருண்டை கீறல் விழுந்து தேய்ந்து, சுற்றியுள்ள தசையெல்லாம் கரும்பொடி படிந்ததைக் கண்ட மருத்துவர்கள் அம்முயற்சியைக் கைவிட்டார்கள். அதனால்தான் இன்று உராயும் இடத்தில் கோபால்ட் குரோமியமோ வெண்களிமப் பீங்கானோ, அதற்கு எதிரே பாலிஎதிலீனோ வைக்கப்படுகிறது. எலும்பில் பதியும் தண்டும் தட்டும் டைட்டானியத்தில் அமைகின்றன. என் அம்மாவின் முழங்காலில் இருந்த ஏற்பாடு ஏமாற்று அன்று; அது அறிவான ஏற்பாடுதான். எங்களிடம் அதை விளக்கிச் சொல்லவில்லை என்பதே குறை.

தண்டும் உருண்டையும் இரண்டு உலோகங்களாக இருக்கும்போது, அவை பொருந்தும் கூம்பு வடிவ இணைப்பில் வேறொரு தொல்லை உண்டு. அசையாமல் இருப்பதாகத் தோன்றும் இடத்திலும் ஒவ்வோர் அடிக்கும் மிக நுண்ணிய அசைவு நிகழ்கிறது. அவ்விடுக்கில் நீர் தேங்கி உயிர்வளி குறைந்து அமிலமாகிறது. ஊரில் தகரக் கூரை எங்கே முதலில் ஓட்டையாகும்? ஆணி அடித்த இடத்தில், இரு தகடுகள் மேலும் கீழும் கவிந்த மடிப்பில். அதே கதைதான்.

இதற்கு மாற்று மருந்து தேடியே உலகெங்கும் ஆய்வாளர்கள் டைட்டானியத்தின் தோலை மாற்றப் பார்க்கிறார்கள். வெடியக வளிமத்தை, அதாவது நைட்ரஜனை, மேற்பரப்பில் ஏற்றினால் பொன்னிற டைட்டானியம் நைட்ரைடு உண்டாகிறது. கடைகளில் பொன்னிறத்தில் மின்னும் துளையூசிகள் கண்டிருப்பீர்கள்; அவற்றின் மேற்பூச்சும் அதுவே. மூலக் கலவையைப் போல் ஐந்தாறு மடங்கு கடினம். வெப்பத்தால் ஆக்சைடைத் தடிப்பாக்குவது ஒரு முறை. மின்சாரத்தால் தடிப்பாக்குவது இன்னொரு முறை. நம் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் டைட்டானியக் கலவையின் மேல் நுண்குழாய் வடிவ ஆக்சைடை வளர்க்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. ஆனால் பூச்சு என்றதும் மயங்கிவிடக் கூடாது. கடினமான மெல்லிய பூச்சின் அடியில் உலோகம் மெதுவாக இருந்தால், அது பஞ்சு மெத்தையின் மேல் வைத்த அப்பளம் போன்றது. அழுத்தம் ஓரிடத்தில் கூடினால் நொறுங்கும். நொறுங்கிய கடினத் துகள் இடையில் சிக்கினால் உப்புத்தாள் போல் மற்றதையும் அறுக்கும்.

நெகிழிப் பக்கத்திலும் முன்னேற்றம் உண்டு. ஆங்கிலேய மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லானைக் கிண்ணமாக வைத்துத் தோற்றார்; ஓரிரு ஆண்டுகளிலேயே தேய்ந்து போயிற்று. 1962-இல் பாலிஎதிலீனுக்கு மாறிய பின்னரே இன்றைய இடுப்பு மாற்று அறுவை நிலைபெற்றது. அப்பாலிஎதிலீனைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அதன் நீண்ட சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்தால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. மலேசிய அணுசக்தி முகவையின் ஒரு வளாகம் நம் டெங்கிலில்தான் இருக்கிறது. கதிர்வீச்சு என்றாலே குண்டு என்று நினைக்கும் மாணவர்களுக்கு, அதே கதிர் பாட்டியின் முழங்கால் நெகிழியையும் உறுதியாக்கும் என்று சொன்னால் கண்கள் விரிகின்றன.

ஊரைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்று. பாயா இண்டா ஈரநிலத்திற்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம். அங்குள்ள ஏரிகள் முன்னாள் ஈயச் சுரங்கங்கள். பெரியவர்கள் லம்பம் என்பார்கள். ஈயத்தைப் பிரித்த பின் எஞ்சும் கருமணலுக்கு 'அமாங்' என்று பெயர். அந்த அமாங்கில் இருக்கும் முதன்மைக் கனிமங்களுள் ஒன்று இல்மனைட்டு. அதாவது டைட்டானியத்தின் தாது. தமிழகத்தில் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் அதே இல்மனைட்டு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற செருமானியர், தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிவந்த மணலைப் பார்த்துத்தான் அக்கரையின் கனிமவளத்தைக் கண்டறிந்தார். கேரளத்துச் சவறாவில் 2011 முதல் டைட்டானியக் கடற்பஞ்சு எடுக்கும் ஆலையும் இயங்கத் தொடங்கியது. நாம் மிதித்து நடந்த மணலில் இருந்த பொருள்தான் முழங்காலுக்குள் போகிறது. ஆனால் மணலின் விலைக்கும் முழங்காலின் விலைக்கும் இடையே இருக்கும் தூரத்தை முழுவதும் நடந்து கடப்பது அறிவியல் கற்றவர்களே.

அவர்களுள் தமிழர்களும் இருக்கிறார்கள் என்பதை நம் பெற்றோர் அறிய வேண்டும். அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நன்கொடையிலும் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திற்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் திறப்பு விழா நடந்தது. அரிமான ஆய்வில் அது பெயர்பெற்ற நிலையம். கல்பாக்கத்தில் காமாட்சி முதலி போன்றோர் உடற்பதியங்களின் அரிமானத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். டைட்டானியமே எலும்புப் பதியங்களுக்கு இறுதித் தேர்வா என்று வினவி, கீதா, அசோகமணி முதலியோர் 2009-இல் வெளியிட்ட மதிப்பீட்டுக் கட்டுரை உலக அளவில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் ஒன்று. "இதெல்லாம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எட்டாது" என்று பேசும் பெற்றோரிடம் நான் இப்பெயர்களைச் சொல்வதுண்டு.

இனி, அட்டை விவகாரம். இதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

2010 ஆகஸ்டில் ஜான்சன் அண்டு ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிபியூ நிறுவனம், ஏ.எஸ்.ஆர். என்ற தன் இடுப்பு மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. ஏறத்தாழ 93,000 பேர் உடலில் அவை பொருத்தப்பட்டிருந்தன. அவை டைட்டானியம் அல்ல. கோபால்ட் குரோமியம் கோபால்ட் குரோமியத்தோடே உராயும் அமைப்பு. தேய்ந்த உலோகத் துகளும் அயனிகளும் தசையைக் கெடுத்தன, இரத்தத்திலும் கலந்தன. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகள் நடந்திருந்தன. பின்னர் இந்திய அரசு அமைத்த வல்லுநர் குழு, பாதிக்கப்பட்டோர்க்குக் குறைந்தது 20 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. 2018-இல் அவ்வறிக்கை வெளியே வந்தது. ஆனால் கொடுப்பதற்கு ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே? ஏறத்தாழ 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. இழப்பீடு ஒருபுறம் இருக்கட்டும். தம் உடலுக்குள் இருப்பது திரும்பப் பெறப்பட்ட பொருள் என்பதையே அறியாமல் எத்தனை பேர் வலியோடு நடந்திருப்பார்கள்!

சுவீடனில் முழங்கால் மூட்டுப் பதிவேடு 1975-இலேயே தொடங்கிவிட்டது, இடுப்புக்கு 1979. ஆஸ்திரேலியா 1999-இலும், இங்கிலாந்தும் வேல்சும் 2003-இலும் தொடங்கின. யாருக்கு, எந்த மூட்டு, எந்நாளில் என்று எல்லாம் பதிவாவதால், எந்த வகை மூட்டு விரைவில் தோற்கிறது என்பது சில ஆண்டுகளில் தெரிந்துவிடுகிறது. ஏ.எஸ்.ஆர். மூட்டைப் பற்றி முதலில் மணியடித்தவற்றுள் ஆஸ்திரேலியப் பதிவேடும் ஒன்று. 2019-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் இத்தகைய பதிவேடுகளைக் கொண்டே, முழு முழங்கால் மாற்றுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 82-உம் இடுப்பு மாற்றுகளில் 58-உம் இருபத்தைந்து ஆண்டுகள் தாங்கும் என்று கணித்தது. ஆகவே யாரும் அஞ்ச வேண்டா. மூட்டு மாற்று நல்ல சிகிச்சை. என் அம்மாவுக்குப் பத்து ஆண்டு நடையைக் கொடுத்தது. ஆனால் 'ஆயுசுக்கும்' என்ற சொல்லை யாரும் சொல்ல வேண்டா. சொன்னால் நம்பவும் வேண்டா.

நம் நாட்டில் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டம், அதாவது சட்டம் 737, உள்ளது. அதன்படி இத்தகைய பதியங்கள் மருத்துவக் கருவிகள் ஆணையத்திடம் பதிவுபெற்ற பின்னரே விற்கப்பட வேண்டும். அவ்வாணையத்தின் அலுவலகம் நமக்குப் பக்கத்துச் சைபர்ஜெயாவில். பொருளைப் பதிவது அரசின் கடமை. தன் தாயின் உடலில் என்ன இருக்கிறது என்று அறிந்து வைத்திருப்பது பிள்ளைகளின் கடமை என்பேன். இதில் நான் தவறியவன். எனவே சொல்லும் உரிமை எனக்குண்டு.

மூட்டோ, பல்லோ, இதயத் துடிப்புக் கருவியோ, உடைந்த எலும்புக்குத் தட்டோ எது வைத்தாலும், ஒவ்வொரு பாகத்தின் உறையிலும் நிறுவனப் பெயர், மாதிரி, அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் வரும். அறுவைக் கூடத்தில் அதை உரித்துக் கோப்பில் ஒட்டுவார்கள். அதில் ஒரு படி கேளுங்கள். "உராயும் இடத்தில் என்ன பொருள்? பதியும் இடத்தில் என்ன பொருள்?" என்று கேளுங்கள். நம் பெரியவர்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்கிறார்கள். தண்டலிடம் தலைநிமிர்ந்து பேசாத பழக்கம் வெள்ளைச் சட்டை முன்னும் தொடர்கிறது. உடன்போகும் பிள்ளைகள்தாம் பணிவாகக் கேட்க வேண்டும். டைட்டானியம் காந்தத்தால் இழுக்கப்படுவதில்லை. எனினும் காந்த அதிர்வுப் படம் எடுக்குமுன் எல்லாப் பதியங்களையும் சொல்லிவிட வேண்டும். பல் பதித்தவர்கள், அமிலத்தன்மையோடு ஃபுளூரைடு மிகுந்த களிம்புகளைப் பயன்படுத்துமுன் பல் மருத்துவரைக் கேட்பது நல்லது. டைட்டானியத்தின் படலத்தைக் கரைக்கவல்ல மிகச் சிலவற்றுள் அக்கூட்டணியும் ஒன்று. அன்றாடப் பற்பசையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். துருப்பிடித்தல் பாடத்தில் நான்கு சோதனைக் குழாய், நான்கு ஆணி, எண்ணெய்ப் படலம், வண்ணப்பூச்சு என்று முடித்துவிடுகிறோம். 'துருப்பிடிப்பதைத் தடுக்கும் வழிகள் யாவை' என்ற கேள்விக்கு மூன்று விடை எழுதினால் போதும் என்று பழகிவிட்டோம். முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். 2021-இல் அத்தேர்வே ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது என்ன காரணம்?

நான் சென்ற தவணையில் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். டைட்டானியத் தகட்டுத் துண்டு ஒன்றை இணையத்தில் வாங்கினேன். இருபது ரிங்கிட்டுக்குள் முடிந்தது. ஒன்பது வோல்ட்டு மின்கலம் மூன்று. கண்ணாடிக் குவளையில் கோலா பானம். மின்கலத்தின் நேர்முனையைத் தகட்டோடும் எதிர்முனையை அலுமினியத் தாளோடும் இணைத்துப் பானத்தில் நனைத்தோம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஒரு மின்கலத்தில் தகடு வெளிர்ப் பொன்னிறமானது. இரண்டைத் தொடராகச் சேர்த்தபோது ஊதாவுக்குத் தாவியது. மூன்றில் நீலம். சாயம் எதுவும் இல்லை. மின்னழுத்தம் கூடக் கூட ஆக்சைடுப் படலம் தடிக்கிறது. தடிப்புக்கு ஏற்ப ஒளி எதிரொளித்துச் சேர்ந்து நிறம் மாறுகிறது, சோப்புக் குமிழியில் போல. எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்தும் டைட்டானியத் திருகாணிகள் அளவுக்கு ஒரு நிறமாக இருப்பதும் இம்முறையில்தான். பிறகு ஒரு மாணவியிடம் உப்புத்தாளைக் கொடுத்து நீலத் தகட்டைத் தேய்க்கச் சொன்னேன். நான்கே தேய்ப்பில் நீலம் போய்ச் சாம்பல் நிறம் தெரிந்தது. "சார், துருப்பிடிக்காது, ஆனா தேயுது" என்றாள். பதின்மூன்று ஆண்டுகளாக எனக்கு விளங்காததை நாற்பது நிமிடத்தில் சொல்லிவிட்டாள். அவள் அதைத் தமிழில்தான் சொன்னாள்.

(மின்கலம் மூன்றுக்கு மேல் சேர்க்க வேண்டா. பிள்ளைகள் தொடுமுன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பானத்தை முடிவில் யாரும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஆசிரியர் பொறுப்பே. எங்கள் வகுப்பில் ஒருவன் கேட்டான்.)

அம்மா இப்போது கைத்தடியோடு கீழ்த்தளம் வரை இறங்குகிறார். புதிய மூட்டின் ஒட்டுத்தாள்களை மூன்று படிகள் எடுத்தேன். ஒன்று என்னிடம், ஒன்று கிள்ளானில் இருக்கும் அண்ணனிடம். மூன்றாவதை நெகிழி உறையிட்டு அம்மாவின் அடையாள அட்டையோடு வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு அடுத்த மாதம் அறுவை. அம்மாவே அவரிடம் அட்டையை எடுத்துக் காட்டி, "இதக் கேட்டு வாங்கிட்டு வா, மறந்துடாதே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ராக்கெட் பேச்சு மட்டும் இன்னும் நின்றபாடில்லை.